மொனராகலையிலிருந்து பசுபிக் எவ்வளவு தூரம்?

கடற்கரையே இல்லாத ஊவா மாகாணத்தில் பசுபிக் சமுத்திரம் பற்றிய அறிவு மட்டும் ஏன் இவ்வளவு செழித்துக் கிடக்கிறது என்பது கல்விமான்கள் கைவைக்கத் தயங்கும் பொருள். வாணி விழா மேடையிலோ, தைப்பொங்கல் விளையாட்டுப் போட்டியில் கயிறிழுத்தலுக்கும் சங்கீதக் கதிரைக்கும் நடுவிலோ, "உலகின் மிகச் சிறிய குடியரசு எது?" என்று மைக்கில் கேட்டால் போதும், கேள்வி முடியுமுன்பே பின்வரிசையிலிருந்து "நவுரு" என்று குரல் வரும். பிஜியின் தலைநகர் சுவா (ஊவாப் பிள்ளைகளுக்கு இது மறப்பதேயில்லை). உலகின் ஆழமான இடம் மரியானா அகழி. புத்தாண்டு முதலில் பிறக்கும் நாடு கிரிபாத்தி. நவுருவின் தலைநகர் யாரென். இந்தக் கடைசி விடை பிழை. 21 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள அந்த நாட்டுக்கு உத்தியோகபூர்வத் தலைநகரே கிடையாது. அரச அலுவலகங்கள் யாரென் பகுதியில் இருக்கின்றன, அவ்வளவுதான். ஆனாலும் பஸ் நிலையத்தில் விற்கும் பொது அறிவுப் புத்தகம் யாரென் என்று சொல்லிவிட்டால் யாரெனுக்கே புள்ளி. அச்சில் வந்ததை எதிர்த்து மேன்முறையீடு செய்யும் வழக்கம் இத்துறையில் இல்லை.

இந்நிலைமையை விளக்க இங்கே முன்வைக்கப்படும் கருதுகோளுக்குத் 'தூர விதி' என்று பெயரிடலாம்: ஒரு கேள்வியை மேடையில் கேட்பதில் உள்ள கூச்சம், விடை இருக்கும் இடத்தின் தூரத்துக்கு எதிர்விகிதத்தில் அமையும். "நம்ம தோட்டத்துக் கோயிலை முதலில் கட்டியது எந்தக் கங்காணியின் குடும்பம்?" என்று கேட்டுவிட்டால் விழா அத்தோடு முடிந்தது, மேல் லயமும் கீழ் லயமும் தீர்ப்புச் சொல்ல எழுந்து வந்துவிடும். நவுருவைப் பற்றிக் கேட்டால் யாருக்கும் கோபம் வராது, அங்கே யாருக்கும் மாமன் மச்சான் இல்லை. மொனராகலைக்கும் சுவாவுக்கும் இடையே ஏறத்தாழ 11,000 கிலோமீற்றர். கேள்வி கேட்பவர் தலை தப்ப அது தாராளமாகப் போதும்.

விதி என்றால் இடத்துக்கு மட்டுமன்றி ஆட்களுக்கும் பொருந்த வேண்டும். பால்புதுமையினரைப் பற்றிய கேள்விகளை எடுத்துக்கொள்வோம். நம் பொது அறிவுப் புத்தகங்களில் அப்படிப்பட்டவர்களே இல்லை என்று நினைத்தால் அது தவறு. கணினி அறிவியலின் தந்தை அலன் டூரிங், விண்வெளிக்குச் சென்ற முதல் அமெரிக்கப் பெண் சாலி ரைட் (1983) என்று பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்கிறார்கள். டூரிங் இன்னோர் ஆணோடு கொண்ட உறவுக்காக 1952இல் தண்டிக்கப்பட்டார், 1954இல் இறந்தார், 2013இல்தான் அவருக்கு அரச மன்னிப்புக் கிடைத்தது. சாலி ரைட் 2012இல் இறந்தபோது வெளியான மரண அறிவித்தலில், அவரோடு 27 ஆண்டுகள் வாழ்ந்த துணை ஒரு பெண் என்பது தெரியவந்தது. ஆக, ஆட்கள் புத்தகத்தில் இருக்கிறார்கள். அவரவர் வாழ்க்கையில் ஒரு வரி மட்டும் வெட்டப்பட்டிருக்கிறது. இங்கிலாந்தும் அமெரிக்காவும் போதிய தூரத்தில் இல்லை போலும்.

அப்படியானால், விதிப்படி இத்தகைய கேள்விகளுக்கு மிகவும் ஏற்ற களம் பசுபிக்தான். அங்கே கேள்விகளுக்குப் பஞ்சமும் இல்லை. தேங்காய்ப்பால் விட்டு நாம் கறி வைக்கும் ஈரப்பலாக்காயிலிருந்தே தொடங்கலாம். மேற்கிந்தியத் தீவுகளின் தோட்டங்களில் அடிமைகளுக்கு மலிவாகச் சோறு போட வழி தேடிய பிரித்தானியர், ஈரப்பலாக் கன்றுகளை எடுத்துவர 'பவுண்டி' என்ற கப்பலை தஹிட்டிக்கு அனுப்பினார்கள். கப்டன் வில்லியம் பிளை அங்கே கன்று சேகரித்த மாதங்களில், ஆணாகப் பிறந்து பெண்களோடு பெண்ணாக வாழ்ந்த 'மாஹூ' என்போரைப் பற்றியும் தன் குறிப்பேட்டில் எழுதிவைத்தார். 1789 ஏப்ரலில் கப்பலில் கலகம் வெடித்தது. கலகக்காரர் சிலர் 1790இல் பிட்கேர்ன் தீவில் போய் ஒளிந்தார்கள். அவர்களின் வழித்தோன்றல்களாக ஏறக்குறைய ஐம்பது பேரே வாழும் அத்தீவு 2015இல் ஒருபால் திருமணத்தைச் சட்டமாக்கியது. ஐந்து புள்ளிக் கேள்வி ஒன்றுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? விளையாட்டுப் பிரியர்களுக்கு அமெரிக்க சமோவா இருக்கிறது. 2001இல் அவுஸ்திரேலியாவிடம் 31–0 என்று தோற்று உலகச் சாதனை படைத்த அந்த உதைபந்தாட்ட அணி, 2011 நவம்பரில் உலகக் கிண்ணத் தகுதிகாண் ஆட்டமொன்றில் டொங்காவை 2–1 என வென்றது. அன்று பின்களத்தில் நின்று ஆடியவர் ஜாயா சயலுவா. சமோவா சமூகம் 'ஃபாஃபஃபினே' என்று அழைக்கும், ஆணாகப் பிறந்து பெண்ணியல்போடு வாழ்வோரில் ஒருவர் அவர். உலகக் கிண்ணத் தகுதிகாண் ஆட்டத்தில் களமிறங்கிய முதல் திருநங்கை என்று அவரைக் குறிப்பிடுகிறார்கள்.

இந்த இடத்தில்தான் ஆய்வு தன் கருதுகோளைத் தானே கவிழ்க்கிறது. தூர விதி நிற்க வேண்டுமானால் பசுபிக் தூரத்தில் இருக்க வேண்டும், அது இல்லை. பெல்வத்தையிலும் செவனகலையிலும் ஆலைக்குப் போகும் கரும்பு, ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் நியூகினித் தீவில் மனிதர் பயிராக்கிய புல். அந்தப் புல்லை வெட்ட பிஜிக்கு ஆட்களைக் கப்பலேற்றிய இடங்களில் சென்னைத் துறைமுகமும் ஒன்று. 1879இல் கல்கத்தாவிலிருந்து தொடங்கிய ஒப்பந்தக் கூலிப் பயணம், 1903இலிருந்து சென்னையையும் சேர்த்துக்கொண்டது. 1916இல் கடைசிக் கப்பல் போய்ச் சேருமுன் அறுபதாயிரத்துக்கு மேற்பட்டோர் பிஜியில் இறங்கியிருந்தார்கள். அதே சென்னை மாகாணத்திலிருந்து, அதே பஞ்சத்துக்கும் கடனுக்கும் தப்பி, கங்காணியின் பின்னால் இலங்கைக்கு நடந்தவர்களின் பேரப்பிள்ளைகள்தான் ஊவாவில் கொழுந்து பறிப்பதும் பால் வெட்டுவதும். 1926இல் பிஜித் தமிழர் நாடி நகரில் சங்கம் அமைத்தார்கள். அங்கே சிவசுப்பிரமணியருக்குக் கோயிலும் இருக்கிறது. யாருக்கும் மாமன் மச்சான் இல்லை என்று மேலே அளந்த அளவு, ஆகவே, பிழையான அளவு. இந்த பிஜிதான் தன் 1997ஆம் ஆண்டு அரசியலமைப்பில், பாலீர்ப்பின் பெயரால் பாகுபாடு காட்டக்கூடாது என்று எழுத்தில் வைத்தது. உலகில் அப்படி எழுதிய நாடுகளில் தென்னாபிரிக்காவுக்கு அடுத்தது அதுவே. ஒருபாலுறவைத் தண்டிக்க வெள்ளைக்காரன் விட்டுப்போன பழைய குற்றப்பிரிவை 2010இல் நீக்கியும் விட்டது. தலைநகரின் பெயரைச் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு இதையும் சொல்லிக்கொடுப்பதில் ஒரு வரிதான் கூடும்.

ஆட்சேபங்கள் எழும். முதலாவது, இவையெல்லாம் நமக்கு அந்நியமான சங்கதிகள் என்பது. திருநங்கையர் திருவிழாக் காணும் கூவாகம் இங்கிருந்து அறுநூறு கிலோமீற்றருக்குள்தான் இருக்கிறது, சுவாவை விடப் பக்கம். மாசி மாதத்தில் தோட்டத்துக் காமன் கூத்தில் ரதியாக வந்து அழுகிறவர் வழக்கமாக ஓர் ஆண். அந்த ஒப்பாரிக்குக் கண் கலங்காத பாட்டிமார் குறைவு. வேடம் கட்டுவதும் அப்படியே வாழ்வதும் ஒன்றல்ல என்று ஒருவர் சொல்லலாம், சரிதான். ஆனால் அர்ச்சுனன் பேடியாக ஓர் ஆண்டு விராடன் அரண்மனையில் இருந்த கதையை விடியவிடியக் கேட்ட சனங்களுக்கு, ஜாயா சயலுவாவைப் புரியவைக்க விரிவுரையாளர் தேவைப்படாது. இரண்டாவது ஆட்சேபம், பிள்ளைகளின் மேடையில் இது எதற்கு என்பது. அகழியின் ஆழமும் யாரெனும் எதற்கு என்று யாரும் கேட்டதில்லை; பயன் என்ற அளவுகோலைக் கையிலெடுத்தால் போட்டியையே நிறுத்த வேண்டிவரும். தவிர, அந்தப் பின்வரிசையில் தன்னைப் பற்றிய கேள்வி ஒருநாளும் வராது என்று முடிவுகட்டிவிட்ட பிள்ளை ஒன்றாவது இருக்கும். அந்தப் பிள்ளைக்கும் நவுரு தெரியும். மூன்றாவது ஆட்சேபம் எதிர்த்திசையிலிருந்து வருவது: பசுபிக்கை ஒரேயடியாகச் சொர்க்கமாக்கக் கூடாது. நியாயம். நவுரு 2016இலும் குக் தீவுகள் 2023இலும்தான் பழைய பிரிவைக் கைவிட்டன. ஃபாஃபஃபினேக்களுக்குக் குடும்பத்தில் இடமுள்ள சமோவாவிலும், மன்னராட்சி நடக்கும் டொங்காவிலும் ஆண்களுக்கிடையிலான உறவைத் தண்டிக்கும் சட்டம் போகவில்லை. ஆகவே கேள்வித்தாளில் "எல்லாத் தீவுகளும்" என்ற விடைத்தெரிவு இருக்கக்கூடாது.

இனி, சமநிலை வந்தால் வெற்றியாளரைத் தீர்மானிக்கும் கேள்வி. அதற்கு 1995ஆம் ஆண்டு பரிந்துரைக்கப்படுகிறது. அவ்வாண்டு ஜனவரி முதலாம் திகதி கிரிபாத்தி, தன் தீவுகள் எல்லாவற்றுக்கும் ஒரே கிழமை இருக்கட்டும் என்று சர்வதேசத் திகதிக் கோட்டையே கிழக்கே தள்ளி வளைத்தது. அதே ஆண்டு நியூசிலாந்தின் கார்ட்டர்டன் நகரம் ஜோர்ஜினா பேயரை மேயராகத் தேர்ந்தெடுத்தது. திருநங்கை என்று வெளிப்படையாக அறியப்பட்ட ஒருவர் மேயரானது உலகிலேயே அதுதான் முதல் தடவை, 1999இல் அவர் நாடாளுமன்றத்துக்கும் போனார். அதே 1995இல்தான், 1883இல் பிரித்தானியர் எழுதிய தண்டனைச் சட்டக்கோவையை இலங்கை திருத்தியது. ஒருபாலுறவைத் தண்டிக்கும் 365அ பிரிவில் அதுவரை ஆண் என்று இருந்ததை ஆள் என்று மாற்றி, பெண்களையும் உள்ளே சேர்த்துக்கொண்டது. கோட்டை வளைத்தது யார், கதவைத் திறந்தது யார், வலையை அகலப்படுத்தியது யார் என்று மூன்று பகுதிகளாகக் கேட்கலாம். உபவினாவும் உண்டு: அப்பிரிவை மாற்ற 2023இல் நாடாளுமன்றத்துக்கு வந்த தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று உயர் நீதிமன்றம் தீர்மானித்த பின்பும், அது சட்டமானதா? இதற்கு விடை "இல்லை". ஆனால் திகதிக் கோடே நகரும்போது இந்த விடையும் என்றைக்காவது நகரக்கூடும் என்பதால், நடுவர்கள் தங்கள் விடைத்தாளில் இதை மட்டும் பென்சிலால் எழுதிக்கொள்வது நல்லது.