ஆரஞ்சு ஜாக்கிரதை

2024 அக்டோபரில் டெல்லி மெட்ரோ ரயிலில் ஒரு விளம்பரம். பஸ்ஸில் பெண்கள், கையில் ஆரஞ்சுப் பழங்கள். மாதம் ஒருமுறை உங்கள் ஆரஞ்சுகளைச் சோதித்துப் பாருங்கள் என்று அறிவுரை. மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வாம்! வழங்கியது, கிரிக்கெட் வீரர் யுவராஜ் சிங்கின் அறக்கட்டளை. கண்டனம் கிளம்பியதும் மெட்ரோ நிர்வாகம் அதை அகற்றிவிட்டது.

பாராட்டத்தான் வேண்டும். சென்ட்டிலிருந்து சிமெண்ட் வரை விற்பதற்குப் பெண்ணின் மார்பைக் காட்டக் கூசாத நாட்டில், அவள் உயிரைக் காக்கும்போது மட்டும் கூச்சப்பட்டுப் பழக்கடைக்குள் ஒளிந்துகொண்டார்களே, அந்த ஒழுக்கம் யாருக்கு வரும்?

போன இடத்திலாவது ஒழுங்காகப் பார்த்தார்களா? இந்த நோயில் ஆரஞ்சுக்கு உண்மையிலேயே ஓர் இடம் உண்டு. மார்பகத் தோல் தடித்து, ஆரஞ்சுத் தோல்போலப் புள்ளி புள்ளியாகக் குழிந்தால் உடனே மருத்துவரிடம் ஓட வேண்டும். காம்பு புதிதாக உள்ளே இழுத்துக்கொண்டாலும், ரத்தம் கசிந்தாலும், அக்குளில் கட்டி தட்டுப்பட்டாலும் அப்படித்தான். எல்லாவற்றையும்விடப் பொல்லாதது வலிக்காத கட்டி. 'வலிதான் இல்லையே, தீபாவளி முடியட்டும்' என்பாள் குடும்பத்தலைவி. தீபாவளி முடிந்தால் மகளுக்குப் பரீட்சை. இதில் ஒன்றையாவது அந்தப் பழம் சொல்லியதா?

அக்டோபர் பிறந்தால் போதும், இந்நோய் விழிப்புணர்வுக்காகக் கட்டடங்களுக்கு இளஞ்சிவப்பு விளக்கு. விடியற்காலை நடைப்பயணம், இலவச டி-ஷர்ட், பலூன், பிரமுகருக்குப் பொன்னாடை. 'பெண்கள் வெட்கத்தை விட வேண்டும்' என்று மைக்கில் முழங்குவார் அவர். வீட்டில் மனைவி 'இங்கே ஏதோ தட்டுப்படுதுங்க' என்றால், 'இதையெல்லாம் எங்கிட்ட எதுக்குச் சொல்றே? உங்கம்மாகிட்ட கேளு' என்பார்.

30 வயதைத் தாண்டிய பெண்களுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை, பயிற்சி பெற்றவர் கையால் தொட்டுப் பார்க்கும் மார்பகப் பரிசோதனை என்று மத்திய அரசு 2016-லேயே எழுதி வைத்துவிட்டது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 30 முதல் 49 வயதுப் பெண்களில் ஆயுளில் ஒரு தடவையாவது அந்தப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் 0.9 சதவீதம். நூறு பேருக்கு ஒருத்திகூட முழுதாகத் தேறவில்லை! 2022-இல் மட்டும் இந்நோய்க்குப் பலியான இந்தியப் பெண்கள் ஏறத்தாழ 98,000 பேர் என்கிறது சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமையின் மதிப்பீடு.

வசதி இல்லை என்று யாரும் வாய் திறக்க வேண்டாம். மும்பை டாடா நினைவு மருத்துவமனை 1998-இல் குடிசைப் பகுதிகளில் இந்தப் பரிசோதனையைத் தொடங்கிச் செய்து காட்டியது. மேமோகிராம் இயந்திரம் கிடையாது. பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்களின் கைகள்தான். நோய் முன்னதாகவே பிடிபட்டது. 50 வயதைக் கடந்தவர்களிடம் இந்நோயால் சாவு ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது. முடிவு 2021-இல் வெளியானது. அதற்கு யாரும் பலூன் விடவில்லை.

ஆகவே கனவான்களே, எத்தனை பேர் நடந்தார்கள் என்ற கணக்கு எங்களுக்கு வேண்டாம். எத்தனை பெண்களைச் சோதித்தீர்கள், எத்தனை பேருக்குக் கட்டி இருந்தது, அவர்களில் எத்தனை பேர் பயாப்ஸிக்கும் சிகிச்சைக்கும் போய்ச் சேர்ந்தார்கள்? நவம்பர் முதல் தேதி இந்த மூன்று எண்களை ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையச் சுவரிலும் ஒட்டுங்கள். முடியாதென்றால் அடுத்த வருஷம் விளக்கே போடாதீர்கள். கரண்ட் பில்லாவது மிஞ்சும்.