கண்மதிப்பு மாமா

வீரசோழன் சந்தையில் ஆட்டின் முதுகை ஒரு பிடி பிடித்துவிட்டு, கறி எத்தனை கிலோ தேறும் என்று சொல்லிவிடுகிற தரகர்கள் உண்டு. பிழைப்பே அதில்தான் என்பதால் பெரிதாகத் தப்பாது. அதே ஊரில் டிவி மாட்ட உயரம் சொல்கிற மாமா ஒருவரும் தெருவுக்குத் தெரு இருக்கிறார். அவருக்கும் கண்மதிப்புதான். தப்பினால் வலிக்கிற கழுத்து மட்டும் அவருடையது இல்லை.

அவரைக் கூப்பிட வேண்டியதில்லை. அட்டைப்பெட்டி ஆட்டோவிலிருந்து இறங்கும்போதே வாசலில் நிற்பார். பெட்டியில் கொட்டை எழுத்தில் 43 என்று போட்டிருக்கும். "மாப்ள, நாப்பத்தி மூணா?" என்று கேட்பார். உள்ளே வந்ததும் சுவரை விரல் மடக்கித் தட்டுவார். சத்தத்தை வைத்து என்ன கண்டுபிடித்தார் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. ஆனால் தலையை ஆட்டிக்கொள்வார். டேப்பை நீட்டினால், "அது ஆசாரிக்கு" என்று ஒதுக்குவார். நாலு எட்டுப் பின்னால் போய், ஒரு கண்ணை மூடி, கட்டை விரலை நீட்டி, "இந்தா, இங்க."

பென்சில் குறி தரையிலிருந்து ஆறடியில் விழும்.

மாமா நின்றுகொண்டு பார்க்கிறார் என்பதுதான் விஷயம். நம் வீடுகளில் சுவர் சம்பந்தப்பட்ட முடிவையெல்லாம் ஆம்பிளைகள் நின்றபடியே எடுக்கிறார்கள். பார்க்கப்போகிற அப்பத்தாவோ கீழே பாயில், காலை நீட்டி, வெற்றிலை இடித்துக்கொண்டு இருக்கிறது.

இந்த ஆறடிக்குப் பூர்வீகம் இல்லாமல் இல்லை. பஞ்சாயத்து டிவி இருந்த காலத்தில் பெட்டி உயரத்தில்தான் இருந்தது. ஊரே தெருவில் உட்கார்ந்து பார்த்தது. டீக்கடையில் அது கூரையை ஒட்டியே தொங்கியது. கொடைக்கானலைப் பார்த்து ஆண்டெனா திருப்பிய நாளில் மாமாதான் மொட்டைமாடியில். "தெரியுதா?" என்று அவர் கத்த, "இல்ல, முன்ன இருந்ததே தேவல" என்று கீழேயிருந்து குரல் வரும். டிவி என்றால் மேலே ஏறிப் பார்க்கிற சமாசாரம் என்பது அப்போதே ரத்தத்தில் ஊறிவிட்டது. 2006இல் அரசாங்கம் இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்த 14 இஞ்ச் பெட்டி வந்தபோது உயரப் பிரச்சினையே எழவில்லை. அலமாரியில் எந்தத் தட்டு காலியோ அதுதான் உயரம்.

கடையிலிருந்து மாட்ட வந்த பையன் மெதுவாகச் சொன்னான்: "நாற்காலில உக்காந்தா கண்ணு தரையிலேர்ந்து மூணரை அடி, நாலடிண்ணே. பாயில உக்காந்தா ரெண்டரைதான். படத்தோட நடு கண்ணுக்கு நேரா இருக்கணும். கொஞ்சம் ஏத்துனா தப்பில்ல, இது ரொம்ப ஏத்தம்." ரசமட்டத்தைக் கையில் வைத்திருந்தான், பாவம்.

"ஏன்டா, பேரப்பிள்ளைக பந்து எறியும், தெரியுமா?" என்றார் மாமா. இந்த ஒரு வாதத்துக்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. அந்தப் பிள்ளைகள் எறிகிற பந்தை நான் வாங்கியிருக்கிறேன்.

டிரில்லிங் மிஷின் அலறியது. செங்கல் தூள் சிவப்பாகக் கொட்டியது. முதல் துளை லிண்டலில் முட்டிக் கம்பியில் நின்றது. இரண்டாவதில் பூச்சு பெயர்ந்து, போட்ட பிளாஸ்டிக் கட்டை பல் விழுந்த ஈறு மாதிரி ஆடியது. அவற்றை மறைக்க அருப்புக்கோட்டை ஜவுளிக்கடைக் காலண்டர் வந்தது. மூன்றாவதில் டிவி ஏறியது.

அடுத்து ஸ்பீக்கர். காது எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அதே உயரத்தில் வைத்தால்தான் வசனம் தெளிவாகக் கேட்கும். கூர்மையான ஓசை நேர்கோட்டில் போகிற ரகம் என்றான் பையன். மாமா சிரித்தார். "கோயில் கொடைக்குக் குழாய் ரேடியோவ எங்கடா கட்டுறோம்? பனை மரத்துல." இரண்டு ஸ்பீக்கரும் பரண் மூலையில் ஏறி, மின்விசிறியைப் பார்த்துப் பேசத் தொடங்கின. அன்றைக்குச் சீரியலில் மாமியார் மருமகளைத் திட்டியது முழுக்க ஒட்டடைக்குத்தான் போய்ச் சேர்ந்தது.

மூன்றே நாளில் அப்பத்தா கழுத்தைப் பிடித்துக்கொண்டது. எண்ணெய் தேய்த்துவிட்டோம். "என்னடா, கோபுர தரிசனமா இது?" என்றது. நாலாம் நாள் தலையணையை மடக்கி வைத்துக்கொண்டு மல்லாந்து படுத்தது. அசையவில்லை. விளம்பரம் வரைக்கும் பார்த்தது.

அந்த நேரம் பார்த்துக் காப்பி குடிக்க மாமா வந்தார். வாசற்படியில் நின்று, ஒரு கண்ணை மூடி, பாயையும் டிவியையும் அளந்தார்.

"பாத்தியா மாப்ள? படுத்துப் பாக்குறதுக்குன்னே போட்ட கணக்கு இது. அந்தப் பயலுக்கு எங்க விளங்கும்?"