குழந்தைக்குக் கரண்ட் வைக்கலாமா?

கேள்வி: எட்டு வயது மகனுக்குத் தீராத மலச்சிக்கல். வயிற்றில் கரண்ட் வைக்கலாம் என்கிறார் பிசியோதெரபிஸ்ட். ஷாக் அடிக்காதா?

பதில்: அடிக்காது. பேட்டரியில் ஓடும் சின்னக் கருவி அது. முன் வயிற்றில் இரண்டு, முதுகில் இரண்டு என நான்கு பேடுகளைத் தோலில் ஒட்டுவார்கள். எறும்பு ஊர்கிற மாதிரி குறுகுறுக்கும். 'போதும்' என்று பையன் சொன்னால் அதற்குமேல் கூட்டக் கூடாது.

கேள்வி: வயிற்றுக்கும் கரண்டுக்கும் முடிச்சுப் போட்டது யார்?

பதில்: ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் மருத்துவர்களும் பிசியோதெரபிஸ்ட்டுகளும். வெவ்வேறு வேகத்தில் துடிக்கும் இரண்டு மின்னோட்டங்களை வயிற்றுக்குள் குறுக்கிடச் செய்வது அவர்கள் முறை. 2005-இல் வெளியான முதல் ஆய்வில் 8 குழந்தைகள். வாரத்தில் சில முறை எனச் சில வாரங்கள் வைத்தார்கள். 7 பேருக்கு ஜட்டியில் மலம் கசிவது நின்றது. நல்ல சேதிதான். ஆனால் 8 பேரை வைத்து ஊருக்கே மருந்து எழுத முடியாது. 2016-இல் மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு இதை அலசிவிட்டு, சான்று போதாது என்றே சொன்னது.

கேள்வி: பேரன் ஜட்டியிலேயே போய்விடுகிறான். நாலு போட்டால் திருந்துவானா?

பதில்: தயவுசெய்து கை வைக்காதீர்கள். இறுகிய மலம் தேங்கித் தேங்கி மலக்குடல் விரிந்துபோய்விடுகிறது. முட்டுகிற உணர்வே மங்கிவிடுகிறது. இளகிய மலம் அதன் ஓரமாகக் கசிவது அவனுக்கே தெரியாது. அடிக்குப் பயந்தால் இன்னும் அடக்குவான், இன்னும் இறுகும்.

கேள்வி: மகள் பகலிலும் சிறுநீரை அடக்க முடியாமல் ஓடுகிறாள். அதற்கும் கரண்டா?

பதில்: முதலில் மலச்சிக்கல் உண்டா என்று பாருங்கள். நிறைந்த மலக்குடல் முன்னால் இருக்கும் சிறுநீர்ப்பையை நெருக்கும். பல குழந்தைகளுக்கு மலச்சிக்கல் தீர்ந்தாலே அவசரமும் குறைந்துவிடும். பிறகும் தொடர்ந்தால், இடுப்புக்குக் கீழே, முதுகின் அடியில் பேடு ஒட்டும் முறை இருக்கிறது. பிரேசிலில் நிறையச் செய்திருக்கிறார்கள். பகலில் தொல்லையில்லாமல் இரவில் மட்டும் படுக்கை நனைந்தால் அலாரம், மருந்துதான் முதல் வழி.

கேள்வி: கரண்ட் வைத்தால் மலமிளக்கியை நிறுத்திவிடலாமா?

பதில்: கூடாது. தேங்கியதை வெளியேற்றாமல் கரண்ட் வைத்துப் பயனில்லை. மருத்துவர் சொன்ன மலமிளக்கிப் பவுடர், போதுமான தண்ணீர், சாப்பிட்ட பின் பத்து நிமிடம் கழிப்பறை. வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் காலுக்குக் கீழே ஒரு முக்காலி. இவைதான் அடிப்படை.

கேள்வி: மாமனாரின் மூட்டுவலிக்கு வாங்கிய மெஷின் வீட்டில் சும்மா கிடக்கிறது...

பதில்: கிடக்கட்டும். பேடு ஒட்டும் இடமும் மின்னோட்ட அளவும் வேறு. இன்னொரு எச்சரிக்கை: பிறந்து இரண்டு நாளுக்குள் மலம் போகாத குழந்தை, கால் பலவீனம், முதுகின் அடியில் குழியோ முடிக்கற்றையோ, வாந்தி, எடைக் குறைவு, மலத்தில் ரத்தம் – இதில் ஒன்று இருந்தாலும் கருவியைத் தொடாமல் குழந்தைகள் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.