எடுக்க இருவர், கொடுக்க மூவர்

கே: யூதர்களின் தான தர்மம் எப்படி நடக்கிறது? நம்ம கோயில் உண்டியல் போலத்தானா? (கடைக்காரர், திருக்கழுக்குன்றம்)

ப: உண்டியல் உண்டு, கணக்கு ரொம்பக் கறார். யூதச் சட்ட நூலான தல்மூத் காலத்திலிருந்தே ஊருக்கு ஊர் ‘குப்பா’ என்றொரு பொதுநிதி. வெள்ளிக்கு வெள்ளி பங்கீடு. வசூலுக்கு இருவர் சேர்ந்தே போக வேண்டும். யாருக்கு எவ்வளவு என்று முடிவு கட்ட மூவர் உட்கார வேண்டும். தனியாளாக எடுத்தால் ஊர் சந்தேகப்படும். பங்கிடும்போது இருவருக்குள் இழுபறி வந்தால் தீர்த்துவைக்க மூன்றாமவர் வேண்டும். நம்ம ஊர்த் திருவிழாக் கமிட்டிகள் இந்த ஒரு விதியைக் கடன் வாங்கட்டும், பாதி பஞ்சாயத்து குறையும்.

கே: ‘செதாக்கா’ என்கிறார்களே, அதுவும் பிச்சைதானே? (மாணவி, செங்கல்பட்டு)

ப: நீதி என்ற வேரில் முளைத்த சொல் அம்மா அது. கொடுப்பவர் கடன் அடைக்கிறார், வாங்குபவர் தன் பங்கை வாங்குகிறார். தானத்தில் பிழைப்பவரும் அதிலிருந்து கொஞ்சம் தானம் செய்தாக வேண்டும் என்பது அவர்கள் சட்டம். ஏழைக்கும் கொடுக்கும் கை உண்டு!

கே: ஏரிப் பாசனக்காரன் நான். விளைச்சலில் எவ்வளவு விடச் சொல்கிறார்கள்? (விவசாயி, மதுராந்தகம்)

ப: வயலின் ஓரத்தை அறுக்காமல் விட வேண்டும், குறைந்தது அறுபதில் ஒரு பங்கு. அறுக்கும்போது கை தவறி ஒரு கதிரோ இரண்டு கதிரோ விழுந்தால் ஏழைக்கு. மூன்றாக விழுந்தால் வயல்காரருக்கு. களத்தில் குனிந்து எண்ணிப் பார்த்தவர்கள் எழுதிய சட்டம். ஓரத்துக் கதிரை வயல்காரர் தனக்கு வேண்டியவருக்கு எடுத்து நீட்டவும் கூடாது. ஏழையே வந்து அறுத்துக்கொள்வார். சிபாரிசுக்கு அங்கே வேலையில்லை.

கே: நம்ம கடற்கரைப் பக்கம் யூதர்கள் இருந்திருக்கிறார்களா? (சிற்பி, மாமல்லபுரம்)

ப: கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ் ஏறிச் சென்னைக்கு வாருங்கள். 17-ஆம் நூற்றாண்டில் பவளம் கொண்டுவந்து வைரம் வாங்கிப்போன போர்த்துகீசிய யூதர்கள் இங்கே இருந்தார்கள். பவளக்காரத் தெரு அந்தப் பவள வியாபாரத்தின் பெயரைத்தான் இன்னும் சுமக்கிறது. 1688-ல் சென்னை மாநகராட்சி தொடங்கியபோது அதன் உறுப்பினர்களில் யூத வணிகர்களும் உண்டு. அதற்கு முன்பே, அந்தப் போர்த்துகீசிய யூதர்களில் ஒருவரான ஜாக் டி பைவா, பெத்தநாயக்கன்பேட்டையில் இடுகாட்டுக்கு நிலம் தேடிக் கொடுத்தார்; 1687-ல் அவரே அங்கே அடக்கமானார். அந்தக் கல்லறைக் கற்களில் சில இன்று லாயிட்ஸ் சாலையில் இருக்கின்றன. இறந்தவருக்குச் செய்வதுதான் கலப்படமில்லாத தர்மம் என்பது யூதர் கணக்கு. நன்றி சொல்ல அவர் எழுந்து வரப்போவதில்லையே!

கே: எங்கள் ஊர் டச்சுக் கோட்டைக்கும் கொச்சி யூதருக்கும் சம்பந்தம் உண்டா? (ஆசிரியர், சதுரங்கப்பட்டினம்)

ப: முதலாளி ஒருவரே, டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி. இங்கே செங்கல் கோட்டைக்குள் மெல்லிய துணியை மூட்டை கட்டியது. கொச்சியில் அதன் தலைமை வணிகர் எசேக்கியல் ரஹபி என்ற யூதர். 1568-ல் எழுந்த பரதேசி ஜெபாலயத்துக்கு 1760-ல் மணிக்கூண்டு கட்டியவர் அவர்தான். தரைக்குச் சீனத்துக் கான்டனிலிருந்து நீலமும் வெள்ளையுமாகக் கையால் வரைந்த ஓடுகளை வரவழைத்தார். காலணியைக் கழற்றிவிட்டு அதன்மேல் நடந்து பாருங்கள், கால் கூசும். கடிகாரத்தில் எபிரேயம், ரோமன், மலையாளம் என்று முகத்துக்கு ஓர் எழுத்து. செலவு ஒருவருடையது, நேரம் ஊருக்கே.

கே: யூதருக்குத் தமிழ் மன்னர்கள் எதுவும் கொடுத்ததுண்டா? (ஓய்வுபெற்ற எழுத்தர், கல்பாக்கம்)

ப: சேர மன்னன் பாஸ்கர ரவி சுமார் 1000-ஆம் ஆண்டில் கொடுத்த செப்பேடு கொச்சியில் இருக்கிறது. வட்டெழுத்தில் வெட்டியது; உரக்கப் படித்தால் நமக்குப் பாதி புரியும். பகல் விளக்கு, பாவாடை, குடை, பறை, காளம், தோரணம் என்று 72 உரிமைகள், சுங்கச் சலுகையும் சேர்த்து. பெற்றவர் பெயர் ஜோசப் ரப்பான். செப்பேடு அவரை ‘இசுப்பு இரப்பான்’ என்கிறது. பெயரில்தான் இரப்பான், வாங்கியதெல்லாம் ராஜமரியாதை.

கே: நம்ம கோயில் நந்தாவிளக்கு மாதிரி யூத ஜெபாலயத்திலும் உண்டா? (வாசகி, கூவத்தூர்)

ப: உண்டு, ‘நேர் தாமித்’ என்பார்கள். சோழர் காலத்தில் ஒரு விளக்கு எரிய 96 ஆடு விட்டார்கள். குட்டி போட்டு எண்ணிக்கை குறையாததால் ‘சாவா மூவாப் பேராடு’. முதல் கரையாமல் வரும்படியில் விளக்கெரிப்பது! இன்று அறக்கட்டளை வைப்புநிதி என்று பேங்கில் போடுவதும் அதே மந்தைதான்.

கே: கொச்சியில் இப்போது எத்தனை யூதர்கள்? நன்கொடை அனுப்பலாமா? (வாசகர், திருப்போரூர்)

ப: 1948-க்குப் பிறகு பெரும்பாலோர் இஸ்ரேல் போய்விட்டார்கள், மிச்சம் விரல்விட்டு எண்ணும் அளவு. சேந்தமங்கலம், பரவூர் ஜெபாலயங்களைக் கேரள அரசு பழுது பார்த்து அருங்காட்சியகம் ஆக்கிவிட்டது. கூட்டு வழிபாட்டுக்குப் பத்து ஆண்கள் வேண்டும் என்பது வைதிக யூதர் மரபு. ஊரார் ஒன்பது பேராக நிற்கும்போது உள்ளே நுழைகிற யூத யாத்ரீகரை நினைத்துப் பாருங்கள். அவர் சட்டைப்பையைத் தொடவே வேண்டாம்.

கே: எது தலைசிறந்த தர்மம்? (மீனவர், கோவளம்)

ப: 12-ஆம் நூற்றாண்டு யூத அறிஞர் மைமோனிடீஸ் எட்டுப் படி கட்டினார். கடைசிப் படி, முகத்தைச் சுளித்துக்கொண்டு கொடுப்பது. முதல் படி, கடனோ வேலையோ தொழிலில் பங்கோ கொடுத்து ஒருவரைக் கையேந்தாமல் நிற்கவைப்பது. உங்களுக்கா விளக்க வேண்டும்? கரையில் மீன் பிரிக்கும்போது வலைக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு பங்கு என்று வைப்பவர்கள் நீங்கள். மைமோனிடீஸின் தம்பி தாவீது வியாபாரச் சரக்கோடு இந்தியக் கடலில் மூழ்கிப் போனார். அண்ணன் ஓராண்டு படுத்த படுக்கையாகக் கிடந்து, பிறகு எழுந்து மருத்துவம் பார்த்துக் குடும்பத்தைக் காப்பாற்றினார். கடலில் ஆளைக் கொடுத்த வீடு எப்படி நிமிரும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

கே: சுனாமிக்கு யூத அமைப்புகள் உதவினவாமே? (வாசகி, கோவளம்)

ப: ஆமாம். 1914-ல் தொடங்கிய அமெரிக்க யூதக் கூட்டு விநியோகக் குழு, அமெரிக்க யூத உலகச் சேவை இரண்டும் 2004 டிசம்பர் 26-க்குப் பின் இந்தியாவுக்கு நிதி அனுப்பின. இன்று அப்படி வரும் பணம் முதலில் டெல்லி ஸ்டேட் வங்கிக் கிளையில்தான் இறங்க வேண்டும். நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் 2020 திருத்தம் இது. இருவர், மூவர் போய் இப்போது ஒரு முழு அமைச்சகம்!

கே: யூதர் பணம் யூதருக்கு மட்டும்தானே? (வாசகர், மறைமலைநகர்)

ப: வேற்று மதத்து ஏழையையும் சேர்த்தே தாங்க வேண்டும் என்று தல்மூத் சொல்கிறது. பாக்தாத்திலிருந்து பம்பாய் வந்த டேவிட் சசூனின் பணத்தில் எழுந்த புனே சசூன் மருத்துவமனை 1867 முதல் சாதி மதம் கேட்காமல் நாடி பிடிக்கிறது. கொல்கத்தா யூதப் பெண்கள் பள்ளி 1881-ல் தங்கள் பிள்ளைகளுக்காகத் தொடங்கியது. இன்று அங்கே படிப்பவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம் பெண்கள். வாசலில் அதே பெயர்ப்பலகை.

கே: பாட்டி பிடி அரிசி எடுத்துவைப்பாள். அவர்கள் வீட்டில்? (குடும்பத்தலைவி, செங்கல்பட்டு)

ப: வெள்ளி மாலை விளக்கேற்றும் முன் வீட்டுக்காரம்மா தகர உண்டியலில் காசு போடுவார். பொழுது சாய்ந்தால் ஓய்வுநாள், காசைத் தொடக் கூடாது. அப்புறம் சனி இரவு வரை காத்திருக்க வேண்டியதுதான். அதனால் சூரியனுக்கும் அந்த அம்மாவுக்கும் வாராவாரம் ஓட்டப்பந்தயம்.