பீட்டா மெய்ப்பாட்டியல்: பெசன்ட் நகரை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வின் நோக்கம்

இணையவழி மாயாஜால விளையாட்டு ஒன்று முழுதாக வெளிவருமுன், அதன் அரைவேக்காட்டுப் பதிப்பைப் பொதுமக்கள் கையில் கொடுத்துப் பிழை பார்க்கச் சொல்வது அத்தொழிலின் வழக்கம். இப்பதிப்புக்குப் பீட்டா என்று பெயர். அதற்குள் முதன்முதலாகக் கால்வைக்கும் ஆட்டக்காரருக்கு என்ன தோன்றுகிறது, அது எதனால் தோன்றுகிறது, அதை நம்பி ஒரு நிறுவனம் காசு போடலாமா என்ற மூன்று வினாக்களுக்கும் விடை காண்பதே இவ்வாய்வின் நோக்கம். தமிழில் நற்றிணைக்கு உரை உண்டு. நண்டுக் குழம்புக்கும் நூல் உண்டு. பீட்டாவுக்கு மட்டும் ஒன்றும் இல்லை. துறையறிஞர் எவரும் இக்குறையைப் பொருட்படுத்தாததால் ஆய்வாளரே பொருட்படுத்த நேர்ந்தது.

2. களமும் காலமும்

களம் பெசன்ட் நகர். பத்திரத்தில் எழுதுவதுபோல் நான்கெல்லை சொல்வதானால், வடக்கே பிரம்மஞான சபைத் தோட்டம், தெற்கே கலாக்ஷேத்ரா, மேற்கே சாஸ்திரி நகர், கிழக்கே எலியட்ஸ் கடற்கரையும் அதற்கப்பால் வங்கக்கடலும். இதற்குட்பட்ட பிரவுசிங் சென்டர் ஒன்றே ஆய்வுக்கூடம். பெயர் தேவையில்லை, அக்காலத்தில் எல்லாமே ஒரே மாதிரிதான் இருந்தன.

காலம் 2000-களின் நடுப்பகுதி. அப்போதுதான் ஐவே என்ற பெயரில் நாடெங்கும் பிரவுசிங் சென்டர்களை நடத்திய சென்னை நிறுவனமான சிஃபி, தென்கொரியாவிலிருந்து ஏ3 என்ற விளையாட்டை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. அதன் அலுவலகம் இருந்த டைடல் பார்க்குக்கும் பெசன்ட் நகருக்கும் இடைப்பட்டது, ஆட்டோக்காரர் ‘ரிட்டர்ன் சவாரி கெடைக்காது சார்’ என்று சொல்லும் தூரம். ஏறத்தாழ அதே காலத்தில், பிலிப்பைன்ஸில் பெயர்பெற்ற லெவல் அப் நிறுவனம் ராக்னராக் ஆன்லைனை இங்கே இறக்கியது. நார்டிக் புராணத்தை ஒட்டிய கொரியச் சித்திரக்கதை ஒன்றைத் தழுவி 2002-இல் அந்நாட்டில் வெளிவந்த விளையாட்டு அது. நார்டிக் புராணம், கொரிய ஓவியம், பிலிப்பைன்ஸ் வணிகம், சென்னை வெயில் ஆகிய நான்கும் ஒரே திரையில் கூடியது பண்பாட்டு வரலாற்றில் கருதத்தக்க நிகழ்ச்சி. யாரும் கருதவில்லை.

ஆய்வுக்கு உட்பட்டோர் இருவகையினர்: கல்லூரிக்குப் போகாதவர், டியூஷனுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வந்தவர். அடையாளச் சான்று கேட்டபோது பெரும்பாலோர் பஸ் பாஸைக் காட்டினர். பெரம்பூரிலிருந்து 29சி பிடித்து இங்கே வந்து இறங்கியவரும் உண்டு. பெரம்பூரில் பிரவுசிங் சென்டர் இல்லையா என்ற வினாவுக்கு, ‘அங்க எங்க சித்தப்பா வருவாரு’ என்ற விடை கிடைத்தது.

3. முன்னாய்வுகள்

இத்துறையின் மூலநூல்கள் இங்கிலாந்தில் தொடங்குகின்றன. 1978-இல் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷாவும் ரிச்சர்ட் பார்ட்டிலும் எழுத்துக்களால் மட்டுமே ஆன முதல் கூட்டு விளையாட்டுலகத்தை அமைத்தனர். அதே பார்ட்டில் 1996-இல் எழுதிய கட்டுரையில் ஆட்டக்காரரைச் சீட்டுக்கட்டைப் போல் நான்காகப் பிரித்தார். பொருளும் புள்ளியும் சேர்ப்பவர் டைமன். ஊர் சுற்றிப் பார்ப்பவர் இஸ்பேட். அரட்டைக்காக வருபவர் ஆட்டின். அடுத்தவனை அடிப்பதற்கென்றே வருபவர் கிளாவர். வகுப்பு சரியே. ஆயினும் ஆடுபவர் யார் என்று சொன்ன பார்ட்டில், ஆடத் தொடங்கியதும் அவர் முகம் எப்படிப் போகும் என்று சொல்லாமல் விட்டார்.

அதைச் சொன்னவர் தொல்காப்பியர். பொருளதிகாரத்தின் ஆறாம் இயலான மெய்ப்பாட்டியலில், உள்ளத்து உணர்ச்சி உடம்பில் வெளிப்படுவதை எட்டாக வகுத்து, ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைக்களன் வைத்து, முப்பத்திரண்டாக முடித்தார். இளம்பூரணரும் பேராசிரியரும் உரை கண்டனர். இருவருக்கும் கணினி வாய்க்காததால் எஞ்சிய பகுதி இங்கே நிறைவு செய்யப்படுகிறது.

4. கண்டறிந்தவை

4.1 மருட்கை. வியப்பு புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் ஆகிய நான்கில் பிறக்கும். உள்ளே நுழைந்ததும் இசை ஒலிக்க, கோட்டையும் நீரூற்றும் தெரிய, ஆட்டக்காரர் ‘செம கிராஃபிக்ஸ் மச்சி’ என்கிறார். இது புதுமையும் பெருமையும் பற்றியது. ஒன்று இன்னொன்றாக மாறும் ஆக்கத்தைக் கண்டு பக்கத்தில் நின்ற பெரியவர், ‘இதெல்லாம் விட்டலாச்சார்யா மாயாஜாலப் படத்துல அப்பவே காமிச்சுட்டாரு’ என்றார். சிறுமை பற்றிய வியப்புக்குச் சான்று ஜப்பானில் கிடைக்கிறது. 2010-இல் வந்த ஃபைனல் ஃபேன்டசி 14-இல் ஒரு பூந்தொட்டியை வரைவதற்கு, ஒரு வீரனை வரைவதற்கு வேண்டிய அளவு பலகோணங்களைச் செலவிட்டிருந்தார்கள். தொட்டி அழகுதான்; கணினிதான் மூச்சு வாங்கியது.

4.2 பெருமிதம். இதன் நான்கில் கல்வியும் தறுகண்மையும் முக்கியமானவை. ராக்னராக்கில் பாத்திரத்தைப் படைக்கும்போது ஓர் அறுகோணம் தோன்றும். அதன் ஒரு முனையில் வலிமை, நேர் எதிர்முனையில் அறிவு. ஒன்றை ஏற்றினால் மற்றது தானே இறங்கும். கல்வியும் தறுகண்மையும் ஒருவரிடமே கூடலாம் என்று மெய்ப்பாட்டியல் கருத, கொரியர் அதை மறுத்திருப்பது ஒப்பியல் ஆய்வுக்குரியது. கள ஆய்வில் அறிவை ஏற்றியவர் மிகக் குறைவு. ‘அடி பலமா இருக்கணும்ணா, புத்தி அப்புறம் பாத்துக்கலாம்’ என்று ஒருவர் சொன்னார். அவர் பொறியியல் மாணவர்.

4.3 நகை. சிரிப்புக்குரிய நிலைக்களன்களில் பேதைமை ஒன்று. ராக்னராக்கில் புதிதாக வந்தவருக்கு உட்காரத் தெரியாது. ‘அடிப்படைத் திறன்’ என்ற பயிற்சியில் முதல் படியில் பண்டமாற்று, இரண்டாம் படியில் முகபாவம் காட்டுதல், மூன்றாம் படியில்தான் தரையில் அமரும் உரிமை. மாலை முழுவதும் எலியட்ஸ் கடற்கரைச் சுவரில் ஒரு பயிற்சியும் இன்றி உட்கார்ந்திருக்கும் ஊரில் இவ்விதி எவ்வளவு நகைப்பை உண்டாக்கியிருக்கும் என்பது சொல்லாமலே விளங்கும். ஆயினும் விதியில் நியாயம் உண்டு. உட்கார்ந்திருப்பவருக்கு உயிராற்றல் விரைவாக மீளும். ஆகவே நகரச் சதுக்கங்களில் வீரர் கூட்டம் கூட்டமாகச் சும்மா அமர்ந்திருக்கும். பெசன்ட் நகர் ஆட்டக்காரர் மூன்றாம் படியை எட்டியதும் விளையாட்டைத் தம் ஊராக உணரத் தொடங்கினர்.

4.4 அச்சம். அணங்கு, விலங்கு, கள்வர், இறை என நான்கு. இவ்வளவு கச்சிதமாக ஒரு விளையாட்டின் வடிவமைப்பைக் கூறிய பழைய நூல் வேறில்லை. அணங்கு என்பது நிலவறையின் அடித்தளத்தில் காத்திருக்கும் பெரும்பூதம். விலங்கு, ஊர் எல்லையில் திரிவன. கள்வருக்குப் போரிங் என்ற இளஞ்சிவப்பு உருண்டையைக் காட்டலாம். பார்க்க ஜெல்லிபோல் சாதுவாக இருக்கும், கீழே விழுந்த பொருளை மட்டும் துள்ளி வந்து விழுங்கிவிடும். கொன்றால்தான் திரும்பக் கிடைக்கும். இறை என்பது விளையாட்டை நடத்தும் ஜி.எம்., அதாவது கேம் மாஸ்டர்.

இறைக்கே அச்சம் விளைந்த வரலாறும் உண்டு. 1997 ஆகஸ்டில் அல்டிமா ஆன்லைனின் பீட்டாவில், அதைப் படைத்த ரிச்சர்ட் கேரியட், லார்டு பிரிட்டிஷ் என்ற மன்னர் வேடத்தில் குடிகளுக்குக் காட்சி கொடுத்தார். அவருக்குச் சாகா வரம் உண்டு. சர்வர் விழுந்து எழுந்தபின் அவ்வரத்தை மறுபடி போட்டுக்கொள்ள மறந்துவிட்டார். ரெய்ன்ஸ் என்ற ஆட்டக்காரர் ஒரு நெருப்பு மந்திரத்தை வீச, மன்னர் மாண்டார். பீட்டாவில் பிழை கண்டுபிடிக்கச் சொன்னால் இவ்வாறும் கண்டுபிடிப்பார்கள்.

ஐந்தாவது அச்சம் ஒன்றை மெய்ப்பாட்டியல் கூறவில்லை. அது அப்பா. ‘தம்பி, ஒங்க அப்பா ஸ்கூட்டர் மாதிரியே ஒண்ணு வெளிய நிக்குது’ என்று உரிமையாளர் சொன்னபோது அணங்கும் விலங்கும் ஒருங்கே மறக்கப்பட்டன.

4.5 அழுகை. இழவும் வறுமையும் இதன் களன்கள். ராக்னராக்கில் இறந்தால் சேர்த்த அனுபவப் புள்ளியில் ஒரு பங்கு கழியும். பீட்டாவுக்கோ இதைவிடப் பெரிய இழவு விதிக்கப்பட்டிருக்கிறது: சோதனை முடிந்ததும் பொதுவாக எல்லாப் பாத்திரங்களையும் துடைத்துவிடுவார்கள். வறுமை வேறிடத்தில் இருந்தது. விளையாட்டு இலவசம், நாற்காலி இலவசமன்று. மணிக்கு இருபது, முப்பது ரூபாய். மேசைமேல் ஒரு துண்டுச்சீட்டு. அதில் சிஸ்டம் எண், வந்த நேரம். ‘ஏழாம் நம்பர், டைம் முடிஞ்சுது, கன்டினியூ பண்றீங்களா?’ என்ற குரல் எழுந்தபோது, எந்த மாவீரரும் முதலில் தொட்டுப் பார்த்தது வாளையன்று, சட்டைப்பையை.

4.6 இளிவரல். தன்னைத் தானே இழிவாகக் கருதுதல். இரண்டு நாள் முன்னால் சேர்ந்த ஒன்பதாம் வகுப்புப் பையன், இறுதியாண்டு மாணவரைப் பார்த்து, கற்றுக்குட்டி என்ற பொருளில், ‘அண்ணா, நீங்க நூப்ணா, என் பின்னாடியே வாங்க’ என்று சொல்வது. மரியாதை விகுதி குறையாமல் மானத்தை வாங்கும் இம்முறை தமிழுக்கே உரியது.

4.7 வெகுளி. தொல்காப்பியர் கூறும் நான்கில் அலைத்தலும் கொலையும் இங்குப் பயில்வன. நாம் அடித்துக் குற்றுயிராக்கிய விலங்கைக் கடைசி அடியில் வேறொருவர் கொன்று பரிசை எடுத்துக்கொள்வது கொலை. இணைப்பு தடுமாறி லேக் அடிப்பது அலைத்தல். இவற்றோடு கருவி பற்றிய வெகுளியும் சேரும். ராக்னராக்கில் நடப்பதும் அடிப்பதும் எடுப்பதும் மவுஸின் இடப்பொத்தானால்தான். அப்பொத்தான் தேய்ந்து பளபளத்து, ஒருமுறை அழுத்தினால் இருமுறை அழுந்தியதாகக் கருதிக்கொள்ளும். ‘கேம் மொக்கடா’ என்ற தீர்ப்பு பலமுறை அந்தப் பொத்தானிடமிருந்தே வந்தது.

4.8 உவகை. செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு என இதற்கு நான்கு. உரையாசிரியர் மன்னிப்பாராக, புணர்வு என்பதைப் பார்ட்டி போடுதல் எனக் கொள்கிறோம். நால்வர் சேர்ந்து, ஒருவர் அடி வாங்க, ஒருவர் காயம் ஆற்ற, இருவர் வெளுக்க, பூதம் விழுந்த நொடியில் பிளைவுட் தடுப்புகளுக்கு மேலே நான்கு தலைகள் ஒருசேர எழுந்தன. யாரும் ஒரு சொல்லும் பேசவில்லை. உடனே நான்கு தலைகளும் மறைந்தன, அடுத்த பூதம்.

5. விவாதம்

மேற்கண்ட எட்டையும் தொகுத்து நோக்கின் ஒரு முறைமை புலப்படுகிறது. வெகுளியும் அழுகையும் வந்தவர் உடனே கருத்துப் படிவத்தைத் திறந்து பத்தி பத்தியாக எழுதினர். உவகை வந்தவர் ஒருவர்கூட எழுதவில்லை. எழுத அவருக்கு நேரம் ஏது? எனவே நிறுவனத்தின் மேசைக்குப் போய்ச் சேரும் முதல் அபிப்பிராயம் என்பது, விளையாட்டை விட்டு எழுந்தவரின் அபிப்பிராயமே. உட்கார்ந்திருப்பவர் அபிப்பிராயம் நாற்காலியிலேயே இருந்துவிடுகிறது.

அதற்காகக் கோபத்தைத் தள்ளிவிடலாமா? கூடாது. ஃபைனல் ஃபேன்டசி 14-இன் பீட்டாவில் ஆடியவர்கள் மந்தத்தையும் குழப்பத்தையும் குறித்து முறையிட்டனர். முறையீடு கிடக்க, 2010 செப்டம்பரில் விளையாட்டு வெளியானது. அதே டிசம்பரில் தயாரிப்புத் தலைமையை மாற்றி நவோகி யோஷிதாவிடம் ஒப்படைத்தனர். 2012 நவம்பரில் வானிலிருந்து ஒரு சிறுநிலவை விழச்செய்து பழைய உலகத்தையே கதைப்படி அழித்து, 2013 ஆகஸ்டில் புதிதாகத் திறந்தனர். படிவத்தைப் படிக்காமல் விட்டால் பிரளயம் நடத்த வேண்டிவரும் என்பது இதனால் பெறப்படும்.

மௌனத்தையும் படிக்க வேண்டும் என்பதற்கு அல்டிமாவே சான்று. மான் புல்லைத் தின்ன, ஓநாய் மானைத் தின்ன, உணவு குறைந்தால் விலங்கு ஊருக்குள் வர என்று நுட்பமான உயிர்ச்சூழலை அதில் அமைத்திருந்தனர். பீட்டாவில் ஆட்டக்காரர் புகுந்து மானையும் ஓநாயையும் கண்ணில் பட்டவுடனே அடித்துத் தீர்த்தனர். அப்படி ஒரு சூழல் இருந்ததே அவர்கள் கண்ணில் படவில்லை. படாததைப் பற்றி யார் எழுதுவார்? சூழலை எடுத்துவிட்டனர்.

6. முடிவும் பரிந்துரைகளும்

ஒன்று: முதல் அபிப்பிராயத்தில் பெரும்பங்கு மவுஸ், இணைப்பு, கடிகாரம், அப்பா ஆகியோரைச் சேரும், மிச்சமே விளையாட்டைப் பற்றியது. இரண்டு: நிறுவனங்கள் கோபக் கடிதத்தை எண்ணுவதோடு, நேரம் முடிந்தபின் இன்னொரு மணிக்குக் காசு கொடுத்தவரையும் எண்ண வேண்டும். அந்தத் துண்டுச்சீட்டைவிட நேர்மையான விமர்சனம் இதுவரை எழுதப்படவில்லை. மூன்று: ஏ3, ராக்னராக் இரண்டின் அந்த இந்தியச் சேவைகளும் இன்று இல்லை, அவற்றை ரசித்தவர்கள் அன்று ஒரு வரிகூட எழுதி அனுப்பாமல் இன்று நினைத்து ஏங்குவதை ஆய்வு கண்டிக்கிறது.

ஆகவே வாசகருக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்து எந்தப் பீட்டாவில் சேர்ந்தாலும், பிடித்திருந்தால் அதையும் படிவத்தில் எழுதுங்கள். இரண்டு நிமிடம்தான் ஆகும். அதுவரை பூதம் காத்திருக்கும்.