கிரக்கின் மாமியும் தேசவழமையும்: குறூட் குடும்பத்தின் பூர்வீகம் பற்றிய ஓர் ஆய்வு

2013 பங்குனியில் ‘த குறூட்ஸ்’ என்ற கார்ட்டூன் படம் திரைக்கு வந்தது. கற்காலக் குடும்பமொன்று குகை இடிந்து தெருவுக்கு வந்து, அலைந்து, சண்டை பிடித்து, கடைசியில் ஒரு கடற்கரையில் போய்ச் சேரும் கதை. உலகம் இதைச் சிறுவர் படம் என்று எண்ணி 58 கோடி டொலருக்கு மேல் கொடுத்துப் பார்த்தது. இத்தனை காசு கொடுத்தவர்களில் ஒருவராவது அந்தக் குடும்பத்தைப் பார்த்து “நீங்கள் எந்த ஊர்?” என்று கேட்கவில்லை. இரண்டு யாழ்ப்பாணத்தார் சந்தித்த அரை நிமிடத்தில் தீர்ந்திருக்க வேண்டிய விஷயம் இத்தனை ஆண்டுகளாகத் தீராமல் கிடக்கிறது. அந்தக் குறையை நீக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் படகுக்கு நேரமாகும்: குறூட் குடும்பத்தின் பூர்வீகம் யாழ்ப்பாணத் தீவகத்து அனலைதீவு.

முதலில் நிலவியல். யாழ்ப்பாணக் குடாநாடும் அதன் தீவுகளும் நிற்கும் சுண்ணாம்புக்கல் மயோசீன் காலத்தது. ஏறத்தாழ 2 கோடியே 30 இலட்சம் ஆண்டுகளுக்கும் 50 இலட்சம் ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட அந்தக் காலத்தில் இது கடலடியில் படிந்தது. டைனோசர்களோ 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்பே ஆட்டம் முடிந்து போய்விட்டன. ஆகவே டைனோசர் ஒன்று அனலைதீவில் கால் வைத்திருக்க வழியே இல்லை. கால் வைக்கக் கல்லே அப்போது பிறந்திருக்கவில்லை. 1960 இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கிய ‘ஃபிளின்ஸ்டோன்ஸ்’ குடும்பம் வீட்டில் டைனோசர் வளர்த்தது. அவர்கள் நம்மவர்கள் அல்லர் என்று அத்துடன் ஒதுக்கிவிடலாம். குறூட் படத்தில் டைனோசர் கிடையாது. பஞ்சவர்ணக் கிளியின் நிறம் பூசிய பெரும்பூனையும், கூட்டமாய் வந்து திமிங்கிலத்தைத் தின்று எலும்பை மட்டும் விடும் சிவப்புக் குருவிகளும் உண்டு. கல்லின் வயதோடு இது முரண்படவில்லை.

அடுத்தது கடல். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியூழியின் உச்சத்தில், கடல்மட்டம் இன்றையதைவிட 120 மீற்றர் அளவில் கீழே இருந்தது. பாக்குநீரிணையின் ஆழமோ பெரும்பகுதியும் 15 மீற்றருக்குள். அப்போது அனலைதீவு தீவே அல்ல. உள்நாட்டில் கிடந்த ஒரு வெளி. படகு இல்லை, படகோட்டி இல்லை, “கடல் கொந்தளிப்பு, இண்டைக்கு ஓடாது” என்ற அறிவித்தலும் இல்லை. ஊர்காவற்றுறைக்கு நடந்து போகலாம், கோடியக்கரைக்கும் நடந்து போகலாம். ஏறத்தாழ 7,000 ஆண்டுகளுக்கு முன்தான் கடல் ஏறி இலங்கையை முழுதாகப் பிரித்தது. படத்தில் நிலம் பிளந்து பிளந்து குடும்பத்தைத் துரத்துகிறதே, அது இந்தக் கடலேற்றத்தின் பதிவு. நூறு ஆண்டுக்கு ஒரு மீற்றர் அளவில் தண்ணீர் ஏறுவதைத் திரையில் காட்டினால் யார் இருந்து பார்ப்பார்கள்? இயக்குநர்கள் கேர்க் டிமிக்கோவும் கிறிஸ் சாண்டர்ஸும் அதைச் சுருக்கித் தொண்ணூற்றுச் சொச்சம் நிமிடத்தில் அடக்கினார்கள். குடும்பம் போவதோ சூரியன் போகும் திக்கில். அனலைதீவில் நின்று சூரியன் போகும் திக்கைப் பார்த்தால் எதிரே பாக்குநீரிணை. அன்று அது நடைபாதை.

இங்கே ஒரு போட்டி உரிமைக்கோரலைக் கவனிக்க வேண்டும். இலங்கையில் கற்காலக் குடும்பம் என்றால் களுத்துறை மாவட்டத்துப் பாகியன்கலைக் குகையைத்தான் எல்லோரும் காட்டுவார்கள். மதிப்புக்குரிய இடம். 48,000 ஆண்டுகளுக்கு முன்பே எலும்பில் அம்புமுனை செய்தவர்கள், மழைக்காட்டில் குரங்கும் அணிலும் வேட்டையாடியவர்கள் அங்கே வாழ்ந்தார்கள். ஆனால் குறூட் குடும்பத்திடம் வில்லும் இல்லை, அம்பும் இல்லை. ஒரே ஒரு முட்டையை ஆறு பேரும் மாறி மாறித் தூக்கிக்கொண்டு ஓடுவதுதான் அவர்களுடைய வேட்டை. வில்லெடுத்த பரம்பரை அப்படி ஓடாது. தீவகத்தில் கற்காலத்தவர் இருந்தார்களா என்று கேட்போர் வேலணை வரை போய்வரலாம். 3,400 ஆண்டுகளுக்கு முன் அங்கே மட்டி சிப்பி தின்று வாழ்ந்தவர்களின் சிப்பிக் குவியலும் கற்கருவிகளும் கிடைத்துள்ளன. தீவில் இல்லாத படிகக்கல்லை வெளியிலிருந்து கொண்டுவந்து கருவி செய்திருக்கிறார்கள். அன்றே சாமான் வெளியிலிருந்துதான் வந்தது.

இவையெல்லாம் துணைச் சான்றுகள். தலைமைச் சான்று ஒரு கிழவி.

குறூட் குடும்பத்தில் ஆறு பேர். கிரக் தகப்பன், உக்கா தாய், ஈப் மூத்த மகள், தங்க் மகன், சாண்டி கைக்குழந்தை. ஆறாவது ஆள் அம்மம்மா. அம்மம்மாதான், அப்பம்மா அல்ல. உக்காவைப் பெற்றவள், ஆகவே கிரக்குக்கு மாமி. ஒவ்வோர் ஆபத்துக்குப் பிறகும் கிரக் குடும்பத்தை எண்ணிப் பார்ப்பான், மாமியின் சத்தம் வராத அரை நொடியில் அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் பரவும், உடனே மாமி தான் இருப்பதைத் தெரிவிப்பா, வெளிச்சம் அணையும். மேற்குலகத் திறனாய்வாளர்கள் இதை வெறும் மாமியார் பகிடி என்று கடந்துபோனார்கள். அவர்கள் கேட்காத கேள்வி இது: மாமி ஏன் மருமகன் வீட்டில் இருக்கிறா?

கேள்வியே தவறு. மாமி மருமகன் வீட்டில் இல்லை. மருமகன்தான் மாமியின் வீட்டில் இருக்கிறான்.

யாழ்ப்பாணத்து வழமைப்படி பெண்ணுக்கு வீடு சீதனமாகப் போகும், மாப்பிள்ளை அங்கே வந்து சேருவார். இதை எழுத்தில் போட்டவர்கள் ஒல்லாந்தர். அனலைதீவைக் கண்டு, அதன் பெயர் வாயில் நுழையாமலோ ஊர் நினைப்பிலோ, ரொட்டர்டாம் என்று பெயர் வைத்த அதே ஒல்லாந்தர். யாழ்ப்பாணத்துத் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் 1707 இல் தேசவழமையைத் தொகுத்தார். பன்னிரண்டு முதலிமார் அதைப் பார்த்துச் சரி என்றார்கள். 1806 இல் ஆங்கிலேயர் அதற்குச் சட்ட வலுக் கொடுத்தார்கள். சொத்து மூன்று வகை: பரம்பரையாய் வந்தது முதுசொம், பெண்ணுக்குக் கொடுத்தது சீதனம், கல்யாணத்துக்குப் பின் இருவருமாய்ச் சம்பாதித்தது தேடியதேட்டம்.

இப்போது குகையைப் பாருங்கள். குகை உக்காவின் சீதனம். அதில் மாமி மூலையைப் பிடித்துப் படுத்திருக்கிறா, யாராலும் எழுப்ப முடியாது. கிரக்கிடம் இருப்பது வாசலை அடைக்கும் கல்லை உருட்டும் உரிமை மட்டும். ஆயினும் அவன் வலுவற்றவன் அல்லன். 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டப்படி, மனைவி தன் அசையாச் சொத்தைக் கைமாற்றப் புருஷனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். உக்கா குகையை விற்க நினைத்தாலும் கிரக் கையெழுத்துப் போட வேண்டும். கிரக்குக்கு எழுத்து வராது. உள்ளங்கையை மண்ணில் தோய்த்துச் சுவரில் பதிப்பதுதான் அவன் அறிந்த கையெழுத்து. எனவே குகை எந்நாளும் கைமாறாது. கற்காலத்தில் காணி வியாபாரம் நடக்காததன் காரணம் இதுவே என்று துணிந்து கூறலாம்.

முட்டை விஷயமும் இந்த வெளிச்சத்தில்தான் விளங்கும். முட்டை எல்லோரும் ஓடிப் பிடித்தது, ஆகவே சுத்தமான தேடியதேட்டம். சட்டப்படி பாதி கிரக்குக்கு உரியது. ஆனால் படத்தில் முட்டை கைமாறிக் கைமாறித் தகப்பனிடம் வரும்போது ஓட்டில் ஒரு சொட்டுத்தான் மிஞ்சும். அவன் போன கிழமைதான் சாப்பிட்டேன் என்ற தோரணையில் விட்டுவிடுவான். ஒடியல் கூழ் வார்க்கும் வீட்டில் கடைசியாகப் பலாவிலை மடித்துப் பானைக்கு முன் வந்து நின்று, நண்டுக்கால் ஒன்றுகூட இல்லாத கூழைக் குடித்துவிட்டு “எனக்குப் பசியில்லை” என்று எழும்பும் தகப்பன்மார் தீவுப்பகுதியில் இன்றும் உண்டு. தேசவழமையில் எந்தப் பிரிவும் இவர்களுக்குப் பாதுகாப்புத் தருவதில்லை.

நிலம் அதிர்ந்து குகை நொறுங்குகிறது. அடுத்த காட்சிகளிலேயே கய் என்ற பொடியன் குடும்பத்தின் முன் வந்து நிற்கிறான். நெருப்பு மூட்டுவான், சப்பாத்துச் செய்வான். ஈப்புக்கு அவனைப் பிடித்துவிடுகிறது. கிரக்குக்குப் பிடிக்கவில்லை. புதியதைக் கண்டால் பயப்படும் பழைய மனிதன் என்று கிரக்கை எல்லோரும் எழுதிவிட்டார்கள். படமும் தன்னைப் பற்றி அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறது. நான் மறுக்கிறேன். சீதன வீடு நொறுங்கிய அன்றே மாப்பிள்ளை வந்து நின்றால் பெண்ணைப் பெற்றவன் வேறு எப்படி நடப்பான்? கய்க்குத் தாய் தகப்பன் இல்லை, எனவே பேசித் தீர்க்க ஆள் இல்லை. சாதகம் இல்லை. உத்தியோகம் நெருப்பு. இடுப்பில் பெல்ற் மாதிரிச் சுற்றிக்கொண்டிருக்கும் ஸ்லோத் பிராணி ஒன்றைத் தவிர அசையும் சொத்தும் இல்லை. கிரக்கின் கோபம் புதுமை மீதான பயமல்ல, பெண்ணுக்குக் கொடுக்கக் கையில் ஒரு பொந்துகூட இல்லையே என்ற வெட்கம். இது என் கண்டுபிடிப்பு. முன்னர் யாரும் சொன்னதாகத் தெரியவில்லை.

யாழ்ப்பாணத்துச் சட்டம் ஹொலிவூட்டுக்கு எப்படிப் போனது என்று கேட்கலாம். கதையை ஆரம்பத்தில் எழுதியவர்களில் ஒருவர் இங்கிலாந்து நகைச்சுவையாளர் ஜோன் கிளீஸ். தேசவழமை 1806 முதல் ஆங்கிலேயரின் கையில் இருந்தது. வேறென்ன வேண்டும்?

சிறு சான்றுகளையும் சேர்த்துவிடுகிறேன். பிரிந்துபோனால் ஒருவரையொருவர் கண்டுபிடிக்கக் குறூட் குடும்பம் ஊதுவது கடற்சங்கு. சங்கு குளித்த கடல் எது என்று நான் சொல்லத் தேவையில்லை. விசித்திரப் பிராணிகளுக்கும் நம்மிடம் பஞ்சமில்லை. அனலைதீவை ஒட்டிய புளியந்தீவிலிருந்து நாகம் ஒன்று வாயில் பூவோடு கடலில் நீந்தி நயினாதீவு அம்மனை வழிபடப் போனதும், இடைவழியில் கருடன் மறித்ததும் தீவகத்தில் குழந்தைகளுக்கும் தெரிந்த கதை. பாம்பு சுற்றிய கல்லும் கருடன் கல்லும் கடலில் சாட்சியாக நிற்கின்றன. பல கோடி செலவழித்த படப்பிடிப்பு நிறுவனத்துக்குப் பூவெடுத்துக்கொண்டு நீந்தும் பாம்பு தோன்றவில்லை என்பதைச் சற்றுப் பெருமையோடு பதிவு செய்கிறேன்.

நெருப்பின் கதையில் மட்டும் படம் உண்மையை மிகவும் எளிமைப்படுத்திவிட்டது. படத்தில் ஒரு பொடியன் இரண்டு கல்லை உரசுகிறான், வெளிச்சம் வருகிறது. அனலைதீவு தேசிய மின்வலையில் இல்லாத தீவு, டீசல் இயந்திரத்தில் ஓடிவந்தது. அனலைதீவு, நயினாதீவு, நெடுந்தீவு மூன்றுக்கும் காற்றும் வெயிலும் கலந்த மின்திட்டம் 2021 தையில் ஒரு சீன நிறுவனத்துக்குக் கொடுக்கப்பட்டது. இந்தியா முகம் சுளித்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் வேலை நிறுத்தப்பட்டது. 2022 பங்குனியில் அதே திட்டத்தை இந்தியா தன் நன்கொடையாகச் செய்து தருவதாக ஒப்பந்தம் எழுதியது. 2024 பங்குனியில் கட்டுமானத்துக்கு இன்னோர் ஒப்பந்தம். ஒரு குகைக்கு யார் நெருப்பு மூட்டுவது என்று உலகத்தில் மக்கள்தொகை மிகக்கூடிய இரண்டு நாடுகள் வாசலில் நின்று இழுபறிப்பட்ட காட்சியைச் சிறுவர் படத்தில் வைத்தால் பெற்றோர் நம்பமாட்டார்கள்.

எதிர்ப்பாளர் கேட்பது: படத்தில் மலை வருகிறது, அனலைதீவில் மலை எங்கே? படத்தைக் கடைசிவரை பாருங்கள், மலைப்பக்கம் நிலம் பிளந்து நொறுங்குகிறது. இல்லாத மலையே சான்று. இன்னொரு கேள்வி: அப்படியானால் குறூட் குடும்பம் இப்போது ஊரில் ஏன் இல்லை? இதைக் கேட்பவர் ஊருக்குப் போய்ப் பல நாள் ஆனவராக இருக்க வேண்டும். 1990 ஆவணியில் ஊர்காவற்றுறையை இராணுவம் பிடித்த பிறகு தீவகத்தில் குகை இழந்தவர்கள் பலர். கிரக் ஒவ்வொருவராகத் தூக்கிப் பள்ளத்துக்கு அப்பால் எறிந்ததுபோல் எத்தனை தகப்பன்மார் பிள்ளைகளை ரொறன்ரோ வரை எறிந்துவிட்டுத் தாங்கள் இந்தப் பக்கம் நின்றார்கள். எறிவதற்கு முகவருக்குக் கட்டிய காசும் தேடியதேட்டத்திலிருந்து போனதுதான்.

2020 இல் வந்த இரண்டாம் படம் என் கருதுகோளை முத்திரை குத்தி உறுதி செய்கிறது. அதில் கய்யும் ஈப்பும் தனிக்குடித்தனம் போக நினைக்கிறார்கள், கிரக் இடிந்துபோகிறான். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவதுதானே முறை, இதென்ன புதுக்கதை? பெற்றர்மன் என்ற வசதியான குடும்பம் மதில் எழுப்பித் தோட்டம் துரவோடு வாழ்கிறது. ஆளுக்கொரு அறை, சுவரில் யன்னல். அதுவரை ஒருவர் மேல் ஒருவராய்க் குவிந்து படுத்து உறங்கிய குறூட் குடும்பத்துக்கு அறை விளங்கவில்லை. கல்யாண வீட்டு ஹோலில் பாய் விரித்து முப்பது பேர் படுக்கும் இனத்துக்கு எப்படி விளங்கும்? தங்க் யன்னலுக்கு முன் குந்தி நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறான், சின்னத்திரை நாடகம் பார்ப்பவர் மாதிரி. முடிவில் என்ன நடக்கிறது? கய்யும் ஈப்பும் குடிபோவது அதே வளவுக்குள். மகளுக்கு அதே வளவில் ஒரு துண்டு. தேசவழமை வென்றது.

தீர்க்கப்படாத ஒரேயொரு பிரச்சினை எல்லை. இந்தியத் தட்டு ஆண்டுக்கு ஏறத்தாழ 5 சென்ரிமீற்றர் வடக்கே நகர்கிறது என்கிறார்கள் நிலவியலாளர். யாழ்ப்பாணத்தில் ஆண்டுதோறும் வேலி அடைக்கும்போது நல்ல அயலவர் ஒருவர் கதியாலை இதைவிட வேகமாக நகர்த்துவார். தட்டு நகர்ந்ததால் வேலி நகர்ந்ததா, வேலி நகர்ந்ததால்தான் தட்டே கிளம்பியதா என்பது தனி ஆய்வுக்குரியது. பெற்றர்மன் மதிலுக்கும் குறூட் துண்டுக்கும் இடையே யார் செலவில் வேலி போடுவது, கதியால் பூவரசா கிளுவையா, ஓலை எந்தப் பக்கம் பார்ப்பது என்பவற்றில் மூன்றாம் படம் வந்தால் தெளிவு பிறக்கலாம். அதற்கிடையில் கிரக் ஒரு நில அளவையாளரைக் கூப்பிட்டு வைப்பது நல்லது. அடுத்த மழைக்கு முன் அளக்க வேண்டும், பெற்றர்மன் பக்கத்துக் கதியால் இப்போதே தளிர்க்கத் தொடங்கிவிட்டது.