ஊரறிந்த ரகசியம்

கேள்வி: முதல் உலகப் போரில் பிரான்சின் மாபெரும் தாக்குதல் ஏன் தோற்றது?
- வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: வெற்றிக்குப் பிரெஞ்சுத் தளபதி நிவேல் வைத்த கெடு 48 மணி நேரம். 1917 ஏப்ரல் 16-ல் தாக்குதல் தொடங்குவதற்குள், திட்டம் ஊரறிந்த ரகசியம்; ஜெர்மானியர் கைக்கே எட்டிவிட்டது. ஷெமாங் தெ தாம் மேட்டுக் குகைகளில் இயந்திரத் துப்பாக்கிகளோடு அவர்கள் காத்திருந்தார்கள். பிரெஞ்சுப் பீரங்கிகள் மேட்டை உழுதன, குகைகள் தப்பின. பனியிலும் சேற்றிலும் ஏறியவர்கள் கொத்துக்கொத்தாகச் சாய்ந்தார்கள். சில நாட்களிலேயே மாண்டவர், காயமுற்றவர் தொகை ஒரு லட்சத்தைத் தாண்டியது. வீண் தாக்குதலுக்குப் போகமாட்டோம் என்று படைவீரர்களே மறுத்தார்கள். கெடு வைத்தவருக்கு மே மாதம் பதவி போனது. கெடுவை நம்பிப் போனவர்களுக்கு உயிர் போனது.

அந்தப் போருக்குப் போய்த் திரும்பாத பிரெஞ்சிந்திய வீரர்களுக்காகத்தான் நம் கடற்கரைச் சாலை நினைவுச்சின்னம். கடக்கும்போது ஒரு நிமிடம் நில்லுங்கள், அம்மா.